கார் ஷெட்டில் ஒரு பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தனி வீடு கட்டுபவர்கள் வழக்கமாக விடும் கார் ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம் இருக்கும். முன்னால் ரோலிங் ஷட்டர், கீழே சிமெண்ட் தரை, மேலே கான்கிரீட் அல்லது ஷீட், சுவரில் ஒரு டியூப்லைட், ஒரே ஒரு 6 ஆம்பியர் பிளக். அந்த இடத்தில் மரவேலையும் சின்னச் சின்ன இரும்பு வேலையும் வண்டிப் பராமரிப்பும் செய்ய விரும்புபவர்களுக்காக எழுதப்பட்டது இது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த 10க்கு 18 அளவை வைத்தே போடப்பட்டவை. உங்கள் ஷெட்டின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

மெஷின் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டாம். பலரும் முதலில் கட்டிங் மெஷினும் கம்ப்ரஸரும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு அவற்றை ஓட்ட ஒழுங்கான பிளக் இல்லை, வைத்து அறுக்க மேஜை இல்லை, பார்க்க வெளிச்சம் இல்லை என்று தடுமாறுகிறார்கள். முதல் செலவு அறைக்கு, அதற்குப் பிறகுதான் கருவிக்கு.

அறைக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் வயரிங். சுவரைக் காடி வெட்டினால் வீடு முழுக்கத் தூசி பறக்கும் என்பதால் அதை முன்னால் முடித்துவிட வேண்டும். அடுத்து பூச்சு, வெள்ளையடிப்பு, விளக்கு. பிறகு தரை. அது காய்ந்த பின் மேஜை, கடைசியில் அலமாரி. மேஜையில் ஒரு மாதமாவது வேலை செய்து பார்த்தால்தான் எந்தக் கருவி எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியும். அதனால் சுவர் அலமாரியை அவசரப்பட்டு அடிக்காதீர்கள்.

கார் அங்கேயேதான் நிற்க வேண்டும். பட்டறைக்கு இடம் போதுமா?

4 மீட்டருக்குள் அடங்கும் கார் என்றால் போதும். 4 மீட்டர் என்பது 13 அடிக்குச் சற்று மேல். 18 அடியில் அது போனால் பின்சுவர் பக்கம் ஏறத்தாழ 5 அடி மிஞ்சும். 2 அடி ஆழ மேஜையை அங்கே போட்டால் நிற்க 3 அடி கிடைக்கும். பக்கவாட்டில், ஓட்டுநர் கதவு திறக்காத சுவரோடு ஒரு அடி ஆழத்துக்கு அலமாரி வைக்கலாம். கார் பின்னோக்கி வரும்போது மேஜையில் இடிக்காமலிருக்க, தரையில் ரப்பர் வீல் ஸ்டாப்பர் இரண்டை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஆனால் கிரைண்டர், வெல்டிங் வேலைக்கு முன் காரை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். தீப்பொறியாகப் பறப்பது உருகும் சூட்டிலுள்ள இரும்புத் துகள். அது கண்ணாடியில் பட்டால் குத்திக்கொண்டு நின்றுவிடும், எந்தத் துணியாலும் துடைத்து எடுக்க முடியாது. பெயிண்டில் பட்டால் சில நாளில் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். பொறி விழுவதும் தரையில்தான்.

இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாமா?

டிரில், ஜிக்சா, 4 இன்ச் கிரைண்டர் ஓடும். இவை பெரும்பாலும் 850 வாட்டுக்குள் இருப்பதால் 4 ஆம்பியரைத் தாண்டாது. 14 இன்ச் கட் ஆஃப் மெஷின் 2,000 வாட்டுக்கு மேல், 1 ஹெச்பி கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், வெல்டிங் மெஷின் தனிக் கணக்கு. இவற்றை 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றி அடாப்டர் போட்டுச் சொருகினால் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு சூடாகி, பிளாஸ்டிக் உருகி, ஒரு நாள் கருகும். எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச், விழாமலேயே இது நடக்கும். எம்சிபி காப்பது வயரை. தளர்ந்த இணைப்பில் ஏறும் சூட்டை அது கண்டுகொள்ளாது.

செய்ய வேண்டியது இது: வீட்டின் மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் பேஸ், நியூட்ரல் இரண்டும், கூடவே பச்சை எர்த் வயரும் இழுத்து, புறப்படும் இடத்தில் 25 ஆம்பியர் எம்சிபி போடுங்கள். தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 6 ஸ்கொயர். ஷெட்டுக்குள் இந்த ஸ்விட்ச்களை வைக்க ஒரு சிறு டிபி (டிஸ்ட்ரிபியூஷன்) பெட்டி. அதில் முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது இதுதான். அதன் பின் சாக்கெட்டுகளுக்கு 16 ஆம்பியர் எம்சிபி இரண்டு, வெல்டிங் பாயிண்டுக்கு 20 ஆம்பியர் ஒன்று. மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்க இவை சி கர்வ் வகையாக இருக்க வேண்டும். பி கர்வ் போட்டால் கம்ப்ரஸர் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் விழும். சாக்கெட் வயர் 2.5 ஸ்கொயர், வெல்டிங் பாயிண்டுக்கு 4 ஸ்கொயர். வெல்டிங்கும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது, வரும் வயரே 25 ஆம்பியருக்கானது.

விளக்கை இந்த ஆர்சிசிபியில் சேர்க்காதீர்கள். வீட்டின் விளக்குச் சுற்றிலிருந்தே அது தனியாக வரட்டும். இரவில் அறுத்துக்கொண்டிருக்கும்போது ஆர்சிசிபி விழுந்தால், பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்க அறை இருட்டாகிவிடும்.

சாக்கெட்டுகளைத் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் வையுங்கள். மேஜைக்கு மேலே வரும், குனிய வேண்டாம், மழைநீர் புகுந்தாலும் எட்டாது. பின்சுவரில் நான்கு, பக்கச்சுவரில் இரண்டு, ஷட்டர் அருகே ஒன்று. எல்லாமே 16 ஆம்பியர் வகை, ஆறும் பதினாறும் ஏற்கும் கூட்டு சாக்கெட்டாக வாங்குங்கள். மெயின் போர்டைத் தொடும் வேலையும் எர்த் வேலையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையில். காடி வெட்டுவது, பைப் பதிப்பது, பெட்டி பொருத்துவதெல்லாம் நீங்களே செய்யலாம். கூலியில் பாதிக்கு மேல் அதில்தான் போகிறது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். பேஸ், நியூட்ரல் இடையே காட்டும் அளவையே ஏறத்தாழக் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இது எர்த் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், அது பலமானதா என்று சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் வைத்து ஓம் அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழ் இருப்பது நல்லது. கோடையில் எர்த் குழி காய்ந்து அளவு ஏறிவிடும். பைப் எர்த் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் பழக்கமல்ல.

சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிந்துவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டரின் இரும்பு உடம்பிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். உங்கள் சாக்கெட்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், இருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எடுத்துவிடலாமா?

கூடவே கூடாது. காரணத்தைத் தேடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்றால் கருவிகளில் ஒன்றில் கசிவு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். பழைய கிரைண்டரில் கார்பன் தூள் சேர்ந்து கசிவது சாதாரணம், பிரித்து ஊதினால் தீரும். எதுவும் சொருகாமலே விழுந்தால் வயரிங்கில் கோளாறு. நம் வீடுகளில் பெரும்பாலும் அது இன்வெர்ட்டர் நியூட்ரல். ஷெட்டின் ஒரு சாக்கெட்டையோ ஃபேனையோ இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்து, நியூட்ரலை மட்டும் பக்கத்திலுள்ள சாதாரண நியூட்ரலோடு முடிந்திருப்பார்கள். போன கரண்ட் வந்த வழியே திரும்பாவிட்டால் ஆர்சிசிபி அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு நியூட்ரலையும் பிரித்தால் சரியாகும்.

மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் ஸ்விட்ச்தான், மாற்றிவிடுங்கள்.

வீட்டு லைனில் வெல்டிங் செய்ய முடியுமா?

சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வீட்டு சிங்கிள் பேஸில் ஓடும். பெட்டியில் 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அந்த அளவுக்குத் திருகவே வேண்டாம். 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்கொயர் பைப்புக்கு 12 கேஜ் வெல்டிங் ராடு, அதாவது 2.5 மில்லிமீட்டர், 60 முதல் 75 ஆம்பியரில் போதும். 100 ஆம்பியரில் ஓட்டினால் லைனிலிருந்து 20 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால்தான் மேலே தனிப் பாயிண்ட் சொன்னது. பிளக் சாதாரண 16 ஆம்பியர் அல்ல, 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் வகை போடுங்கள்.

பைப் ஓட்டை விழுந்து உருகிப் போனால் ஆம்பியர் அதிகம் அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆம்பியர் குறைவு, அல்லது ராடு ஈரம். மழைக்காலத்தில் திறந்து வைத்த ராடு பாக்கெட் நமத்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜிஐ பைப்பை வெல்டு செய்வதானால் இணைப்பிலிருந்து ஒரு இன்ச் தூரத்துக்குத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அதன் வெள்ளைப் புகையை மூடிய ஷெட்டில் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

எத்தனை விளக்கு வேண்டும்?

20 வாட் எல்இடி பேட்டன் 4 அடி நீளத்தில் சுமார் 2,000 லூமன் தரும். 10க்கு 18 அடி என்பது கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். பட்டறைக்கு 300 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 300 லூமன், வேண்டும் என்றால் தரையில் 5,000 லூமன் விழ வேண்டும். சுவரும் தூசியும் பாதியைத் தின்றுவிடும் என்பதால் 10,000, ஆக ஐந்து பேட்டன். நான்கைக் கூரையில் இரண்டு வரிசையாகவும், ஐந்தாவதை மேஜையின் முன் விளிம்புக்கு நேர் மேலேயும் மாட்டுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் மட்டும் விளக்கு இருந்தால் அறுக்கும் கோட்டின் மேல் உங்கள் நிழலே விழும்.

மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றும் பிளேடு சில வேகங்களில் மெதுவாகச் சுற்றுவது போலவோ நின்றுவிட்டது போலவோ தோன்றும். இதைக் கண்டுபிடிக்க மொபைல் கேமராவை விளக்கின் பக்கம் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கை மெஷின் இருக்கும் பக்கம் மாட்டாதீர்கள்.

சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர்நிறம் அடித்தால் ஒரு பேட்டன் கூடுதலாக மாட்டியது போல் இருக்கும். அழுக்குத் தெரியாதென்று சாம்பல் நிறம் அடிப்பவர்கள் அந்த வெளிச்சத்தை இழக்கிறார்கள்.

வெயில் காலத்தில் உள்ளே நிற்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

ஷீட் கூரை என்றால் சூடு மேலிருந்துதான் இறங்குகிறது. கூரையின் வெளிப்பக்கம் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடிப்பது மலிவான, உடனே பலன் தெரியும் வழி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளைக்கவோ உரசவோ வேண்டாம். கழுவும்போதும் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலில் போய்த் தங்கும், பல வருடம் கழித்து நோயாக வெளிப்படும். ஏற்கெனவே விரிசல் விட்ட ஷீட் என்றால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, கலர் கோட்டட் ஷீட் போடுவதே நல்லது.

அடுத்து காற்றோட்டம். உயரம் 10 அடி என்று வைத்தால் ஷெட்டின் கொள்ளளவு 1,800 கன அடி, 51 கன மீட்டர். மணிக்கு 15 தடவை காற்று மாற வேண்டுமென்றால் 765 கன மீட்டர். நல்ல 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே அதைச் செய்யும். ஆனால் வாங்கி மாட்டியும் பலனில்லை என்று சொல்பவர்களின் ஷெட்டில் பெரும்பாலும் காற்று உள்ளே வர வழியிருக்காது. ஃபேன் பின்சுவரின் உச்சியில், காற்று நுழையும் வழி எதிர்ப்பக்கம் கீழே. ஷட்டரை ஒரு அடி தூக்கி வைத்தாலே போதும். ஷட்டருக்குப் பக்கத்திலேயே ஃபேனை மாட்டினால் வந்த காற்று அப்படியே வெளியேறும், உள்ளே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

வண்டி இன்ஜினை ஷெட்டுக்குள் ஓடவிட்டுப் பார்ப்பவர்களுக்கு: ஷட்டர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

சிமெண்ட் தரை பெயர்ந்து மாவாக வருகிறது. எபாக்ஸி பூச்சு போடலாமா?

முதலில் ஏன் மாவாகிறது என்பதைப் பார்ப்போம். கலவையில் தண்ணீர் கூடியிருக்கும், ஈரம் வடிவதற்குள் மேலே சிமெண்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்திருப்பார்கள், தண்ணீர் கட்டி ஆறவிட்டிருக்க மாட்டார்கள். மேல் ஏடு பலமில்லாதது. அதன் மேல் எபாக்ஸி அடித்தால் எபாக்ஸி ஏட்டோடுதான் ஒட்டும், கார் டயர் சூட்டில் ஏட்டையே உரித்துக்கொண்டு வரும்.

அடுத்தது ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் தரையில் ஒட்டி ஒரு இரவும் பகலும் விடுங்கள். கீழே முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தத் தரைக்கு எபாக்ஸி வேண்டாம், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கொப்புளித்துவிடும். கான்கிரீட் ஹார்டனர் திரவத்தை இரண்டு கோட் இழுத்தால் மாவு நிற்கும், ஈரமும் தன் வழியே போகும். அல்லது கடப்பா கல் பதித்துவிடுங்கள். பட்டறைக்கு அது அருமையான தரை, பழைய எண்ணெய்க் கறையும் தெரியாது. பார்க்கிங் டைல் போடுவதானால் அடியில் வெற்றிடம் இல்லாமல் கலவையை முழுக்கப் பரப்பச் சொல்லுங்கள். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்துப் பதித்த டைல் ஜாக்கியின் கனத்தில் உடையும்.

தரை காய்ந்ததுதான் என்று உறுதியானால் எபாக்ஸி போடலாம். புதுத் தரையாக இருந்தால் 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டி மேல் ஏட்டை எடுத்து, வாக்குவம் செய்து, பிரைமர், பிறகு இரண்டு கோட். கலந்த எபாக்ஸி 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தால், நம் மே மாதத்தில் அதில் பாதிதான் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடியுங்கள். காலையில் தொடங்காமல் மாலையில் தொடங்குங்கள். காலையில் தரை சூடேறும்போது அதன் துளைகளிலுள்ள காற்று விரிந்து மேலே வரும், பூச்சில் ஊசி ஊசியாகக் குமிழ் விழும். மாலையில் தரை குளிர்வதால் பூச்சு உள்ளே இழுக்கப்படும்.

மேஜையை எப்படிச் செய்வது? என்னென்ன வாங்க வேண்டும்?

5 அடிக்கு 2 அடி மேஜைக்கு 40க்கு 40, 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு ஸ்கொயர் பைப் இரண்டு நீளமும், 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் 8க்கு 4 ஷீட் ஒன்றும் போதும். பைப் 20 அடி நீளத்தில் வரும். முதல் பைப்பை 60 இன்ச் இரண்டு, 56.8 இன்ச் இரண்டு என்று வெட்டுங்கள். இரண்டாவதில் 31 இன்ச் கால் நான்கு, 20.8 இன்ச் குறுக்குச் சட்டம் ஐந்து. கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்றாலும் இரண்டிலும் மிச்சம் இருக்கும். இரும்பின் எடை சுமார் 28 கிலோ வரும்.

60 இன்ச் இரண்டும் மேல் சட்டத்தின் நெடுக்கு. 20.8 இன்ச்சில் மூன்று மேலே, இரு முனையிலும் நடுவிலும். மற்ற இரண்டும் 56.8 இன்ச் இரண்டும் தரையிலிருந்து 8 இன்ச் உயரத்தில் கால்களுக்கிடையே கீழ்ச் சட்டமாகும். முதலில் எல்லா மூலையையும் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 64.6 இன்ச் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலையைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்துக்கொண்டு, பிறகு முழு வெல்டு. ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலையாக மாறி மாறிச் செய்யுங்கள்.

ப்ளைவுட்டில் 5க்கு 2 அடித் துண்டு இரண்டு எடுங்கள், மேல்பலகை இரண்டு அடுக்காக 36 மில்லிமீட்டர் ஆகும். மிஞ்சும் 3க்கு 4 அடியில் 28.4க்கு 23 இன்ச் துண்டு இரண்டு வரும், அது கீழ்த் தட்டு. நடு இணைப்புக்கு அடியில் 4 இன்ச் அகல ஒட்டுப்பலகை ஒன்று கொடுங்கள். இரண்டு அடுக்குக்கும் இடையே வெள்ளைப் பசை கால் கிலோ சீராகத் தடவி, அடியிலிருந்து 32 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, 8 இன்ச்சுக்கு ஒன்று. அதற்கு மேல் நீளமானால் மேற்பரப்பில் முனை எட்டிப் பார்க்கும். சட்டத்தோடு சேர்க்க 25 மில்லிமீட்டர் ஆங்கிளில் 2 இன்ச் துண்டு எட்டு வெட்டி உள்பக்கம் வெல்டு செய்து, அதன் வழியாக ஸ்க்ரூ போடுங்கள்.

கார் ஷெட் தரை வெளியே நீர் வடிய வாட்டம் விட்டே போடப்படும். 80க்கு ஒன்று என்ற வாட்டத்தில் 5 அடிக்குள் 19 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். காலுக்கு அடியில் அட்டை சொருகினால் ஆட்டம் நிற்காது. நான்கு காலின் அடியையும் 5 மில்லிமீட்டர் பிளேட்டால் மூடி, நடுவில் எம்12 நட்டு வெல்டு செய்து, 75 மில்லிமீட்டர் போல்ட்டைத் தலை கீழே வருமாறு திருகி, இன்னொரு நட்டால் பூட்டுங்கள். மட்டக்கோல் வைத்துத் திருகினால் சரியாக உட்காரும். மொத்த உயரம் 35 இன்ச் அளவில் வரும், 5 அடி 6 இன்ச் உயரமுள்ளவருக்குப் பொருந்தும். குள்ளமானவர் காலைக் குறைத்து வெட்டட்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதற்கு ஒன்றிரண்டு இன்ச் மேலே மேஜை இருக்க வேண்டும்.

பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் தேக்கு உத்திரம் கிடைத்தால் ப்ளைவுட்டை விட்டுவிட்டு அதையே மேல்பலகையாக்குங்கள். ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிவிட்டு இழைக்கக் கொடுங்கள். ஒரு ஆணி போதும், பிளேனர் பிளேடு போய்விடும்.

வைஸ் எங்கே பொருத்துவது?

மேஜையின் காலுக்கு நேர் மேலே. நடுவில் பொருத்தினால் ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் பலகை குதிக்கும். வைஸின் நிலையான தாடை மேஜை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் (எட்டில் ஒரு பங்கு இன்ச்) வெளியே இருக்க வேண்டும், அப்போதுதான் நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். வலக்கைக்காரர் இடது காலின் மேல் வைப்பது வசதி, அரம் போடவும் அறுக்கவும் வலப்பக்கம் காலியாக இருக்கும். 6 இன்ச் வைஸுக்கு எம்12 போல்ட், அடியில் அகலமான வாஷர். மர ஸ்க்ரூ ஒரு மாதம்கூடத் தாங்காது.

சுவரில் அலமாரி நிற்கவில்லை, ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருகிறது.

பூச்சின் கனம் அரை இன்ச் இருக்கும். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் ராவல் பிளக்கை 1 இன்ச் நீளத்தில் போட்டால் பாதி பூச்சிலேயே நின்றுவிடுகிறது. செங்கல்லுக்குள் 40 மில்லிமீட்டராவது போக வேண்டும் என்பதால் 8 மில்லிமீட்டர் பிட், 50 மில்லிமீட்டருக்குக் குறையாத ராவல் பிளக். துளைத்த பின் உள்ளிருக்கும் தூளை ஊதி எடுங்கள். தூளோடு பிளக்கை அடித்தால் அது விரியாது. செங்கல் இணைப்பில் அல்லாமல் கல்லின் நடுவில் துளைக்க வேண்டும்.

ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர் என்றால் கதையே வேறு. அதில் ஹாமர் போடாமல், வெறும் சுழற்சியில் துளைத்து, அந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீண்ட நைலான் பிளக்கைப் போடுங்கள். விரியும் இரும்பு ஆங்கர் அந்தக் கல்லை நொறுக்கிவிடும். கனமான பொருளை அந்தச் சுவரில் தொங்கவிடாமல், தரையில் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கில் வையுங்கள்.

கைக்கருவிகளுக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஒன்றைச் சுவரிலிருந்து ஒரு இன்ச் தள்ளி, பின்னால் ரீப்பர் கொடுத்து மாட்டுங்கள். அந்த இடைவெளி இருந்தால் சுவர் ஈரம் பலகைக்கு வராது, கரையான் கோடு போட்டு ஏறினாலும் கண்ணில் படும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்துவைத்தால் இரவு மூடும்போது எது குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மரத்தூளையும் இரும்புப் பொறியையும் ஒரே இடத்தில் எப்படிச் சமாளிப்பது?

ஒரே நாளில் இரண்டையும் செய்யாமலிருப்பது முதல் வழி. மரவேலை முடிந்த இடத்தில் கிரைண்டர் ஓட்ட வேண்டியிருந்தால் தூளைக் கூட்டி வெளியே கொட்டிவிட்டுத்தான். வாக்குவம் கிளீனரின் பைக்குள் மரத்தூள் இருக்கும்போது அதே கிளீனரால் சூடான இரும்புத் தூளை உறிஞ்சினால் பைக்குள் தீ கங்கும், நீங்கள் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். லின்சீட் எண்ணெய், வார்னிஷ் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகிப் பற்றிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தேக்குத் தூசி பலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை தரும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூசி அதைவிட நுணுக்கமானது. சாதாரணத் துணி முகமூடி பயனில்லை, என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை வேண்டும். வாக்குவத்துக்கு முன்னால் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) பொருத்திய டிரம் வைத்தால் தூளில் பெரும்பகுதி டிரம்மிலேயே விழும், ஃபில்டர் அடைக்காது. மெல்லிய பெயிண்ட் வாளி உறிஞ்சும் வேகத்தில் ஒடுங்கிவிடும், கனமான டிரம்மாகப் பாருங்கள்.

கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டி ஓட்டுவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 11,000 சுற்று, பெரும்பாலும் காப்பு மூடியையும் கழற்றியிருப்பார்கள். பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறித் திரும்பி வரும், தொடையிலோ கழுத்திலோ படும். மரத்துக்குச் சர்க்குலர் சா வாங்குங்கள். இரும்பு அறுக்கும் வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், கடையில் அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய வீல் ஓட்டத்திலேயே சிதறும்.

கம்ப்ரஸர் காற்றுக்கு பிவிசி பைப் போடலாமா?

வேண்டாம். தண்ணீர் அழுத்தத்துக்குத் தாங்கும் பைப் காற்றுக்குத் தாங்காது. தண்ணீர் பைப் வெடித்தால் நீர் கசியும், காற்று பைப் வெடித்தால் கத்தி போன்ற சில்லுகள் அறை முழுக்கப் பறக்கும். கம்ப்ரஸர் எண்ணெயும் சூடும் பிவிசியை நாளடைவில் நொறுங்க வைக்கும். ஜிஐ பைப் அல்லது காற்றுக்கென்றே விற்கும் பியு (பாலியூரித்தேன்) ஹோஸ் போடுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து நீரை வடியுங்கள். கடலோர ஊர்களில் ஒரு நாளிலேயே கணிசமாகச் சேரும், வடிக்காத டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும்.

மழைக்காலத்தில் தண்ணீர் புகுகிறது, கருவியெல்லாம் துருப்பிடிக்கிறது.

ஷட்டர் உட்காரும் கோட்டுக்கு உள்பக்கமாக, இருபுறமும் சரிவாக ஒரு இன்ச் உயரச் சிமெண்ட் மேடு கட்டுங்கள். கார் சுலபமாக ஏறும், சாரல் நீர் நின்றுவிடும். பழைய தரையைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் தடவி, அதன் மேல் கட்டினால்தான் பிடிக்கும். ஷட்டரின் அடிப்பட்டையில் ரப்பர் பட்டை மாட்டினால் எலியும் வராது.

கருவி நனையாமலேயே துருப்பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடியற்காலையில் இரும்பு குளிர்ந்திருக்க, ஈரக்காற்று பட்டு அதன் மேல் நீர் கோக்கும். மெஷின் ஆயில் நனைத்த துணியால் துடைத்து வைப்பதே போதுமான காப்பு. நல்லெண்ணெய் வேண்டாம், அது காற்றில் பிசினாகித் தூசியை இழுக்கும்.

ஷட்டர் சத்தமும் கனமும் தாங்கவில்லை. நானே சரிசெய்யலாமா?

பக்கவாட்டுச் சேனலைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடிக்கலாம். கிரீஸ் அடித்தால் மரத்தூள் ஒட்டி இன்னும் இறுகும். மேல் உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றாதீர்கள். முறுக்கேறி நிற்கும் அது விடுபட்டால் கை எலும்பை முறிக்கும், ஷட்டர் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் இதைச் செய்யலாமா?

மடக்கு மேஜையும் கைக்கருவியும் வைத்து சின்ன வேலை செய்யலாம், அதுவும் சங்கத்தின் ஒப்புதலோடு. தடுப்பு எழுப்புவது, பொது லைனிலிருந்து கரண்ட் எடுப்பது, பத்துப் பதினைந்து வண்டிகளின் பெட்ரோல் டேங்குக்கு நடுவே வெல்டிங் செய்வது கூடாது.

தீயணைப்பான் எது, எங்கே?

4 கிலோ ஏபிசி பவுடர் வகை ஒன்று போதும், மரம், பெட்ரோல், மின்சாரம் மூன்றுக்கும் ஆகும். அதை மேஜைக்குப் பின்னால் மாட்டாதீர்கள், தீ பிடிக்கும் இடமே அதுதான். ஷட்டர் அருகே, வெளியேறும் வழியில், இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று ஆர்சிசிபி டெஸ்ட் பொத்தானை அழுத்தும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வெல்டிங் அல்லது கிரைண்டர் வேலை முடிந்த பின் அரை மணி நேரம் ஷெட்டைப் பூட்டாதீர்கள். மூலையில் விழுந்த பொறி மரத்தூளில் கங்கி, பிறகுதான் புகையும்.